இளவரசி தடுக்கிய நாலடித் துண்டு

1. திங்கள்

திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு ஒரு இளவரசி என் கார்ப்பெற்றில் தடுக்கினார். விழவில்லை. கணவர் அவருடைய முழங்கையைப் பிடித்தார், இளவரசி சிரித்தார், இரண்டு பேரும் கையசைத்தபடி மண்டபத்துக்குள் போய்விட்டார்கள். எல்லாமாக ஒரு நொடி. வாசலில் நின்ற கூட்டத்தில் அதைக் கண்டவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். நான் கண்டேன்.

எந்த நாட்டு இளவரசி என்று கேட்காதீர்கள். ஐரோப்பாவில் ஒரு நாடு. பெயர் வெளியே வரக்கூடாது என்று வேலை தொடங்க முன்னமே எங்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கார்ப்பெற்றைப் பற்றி எழுதக்கூடாது என்று அந்தக் கடதாசியில் எங்கும் இருக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் விழாக்களுக்குச் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் கொம்பனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். கதிரை, மேசை, கூடாரம், மேடை, கார்ப்பெற் எல்லாம் ஏற்றி இறக்கியிருக்கிறேன். கடைசிப் பன்னிரண்டு வருடமும் கார்ப்பெற் மட்டும்தான். பேப்பர்காரர் சிவப்புக் கம்பளம் என்று எழுதுவார்கள். எங்களுக்கு அது ரன்னர். சுருளை இழுத்து விரிப்பது ஒரு வேலையா என்று நினைப்பவர்கள் ஒருநாள் ஏரிக்கரைக் காற்றில் அறுபதடி விரித்துப் பார்க்க வேண்டும். பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அரச குடும்பம் ஒரு ஊருக்கு வந்தால் அந்தக் கிழமை, அந்த ஏழு நாளும், எப்படிப் போகும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்கள் போகும் ஒவ்வொரு இடத்துக்கும் அவர்களுக்கு முன்னமே சிலர் போவார்கள். கையில் கடிகாரம் இருக்கும். இளவரசிக்குப் பதிலாக ஒரு பெண் காரில் இருந்து இறங்கி நடப்பார், இளவரசருக்குப் பதிலாக ஒருவர் பக்கத்தில் நடப்பார். இத்தனையாவது நொடியில் கைகொடுப்பது, இத்தனையாவது நொடியில் பூங்கொத்து வாங்குவது என்று எழுதி வைப்பார்கள். திங்கள் மண்டபம், செவ்வாய் ஆஸ்பத்திரி, புதன் பள்ளிக்கூடம், வியாழன் ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலை, வெள்ளி விருந்து, சனி எங்கள் தமிழ் முதியோர் மண்டபம், ஞாயிறு பயணம். எல்லா இடத்திலும் என் கார்ப்பெற்.

அந்தக் கிழமை எனக்குத் துணையாக வந்தவள் றெஜினா. மன்னார்ப் பிள்ளை, நாற்பது வயது, என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவாள். நான் விரிப்பேன், அவள் ஓரம் எழும்பாமல் ஒட்டுநாடா, எங்கள் பேச்சில் ரேப், ஒட்டுவாள். ஒட்டி முடிந்ததும் ரேப்பின் ஒரு மூலையைச் சின்னதாக மடித்து விடுவாள், பிறகு உரிக்க லேசாக இருக்கும் என்று. மூன்று வருடமாகத் தற்காலிக ஆளாக இருந்தாள். அந்த மாத முடிவில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். கணவருக்குச் சலரோகம், சர்க்கரை வியாதி. வேலை நிரந்தரமானால் அவருடைய மருந்துக்கும் கொம்பனியின் பெனிபிற் காப்புறுதி கிடைக்கும். அந்த மாத முடிவை அவள் கொஞ்சக் காலமாகவே எண்ணிக்கொண்டிருந்தாள்.

இனி என் பிழைக்கு வருகிறேன். எல்லாம் விரித்து முடிந்த பிறகு, கார் நிற்கும் இடத்தைப் பாதுகாப்புக்காரர் நாலடி தள்ளி வைத்தார்கள். கார்ப்பெற் நாலடி காணாது. எங்கள் வான் வண்டியில் புத்தம் புதிய நீட்டு ரோல் கிடந்தது. பழையதை உரித்து அதை விரிக்க நேரமும் இருந்தது. செய்திருக்க வேண்டும். ஆனால் நாலடிக்காக நூறடி ரோலை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் ஐஸ்கிறீம் பெட்டியில் கறி வைக்கிற ஆக்கள், பிறந்தநாள் பரிசு சுற்றின கடதாசியை மடித்து மெத்தைக்குக் கீழே வைக்கிற ஆக்கள். வானில் நான் சேர்த்து வைத்திருந்த மிச்சங்களில் அதே நிறத்தில் நாலடித் துண்டு ஒன்று இருந்தது. எடுத்துப் பொருத்தினேன். றெஜினா அப்போது மற்றக் கரையில், வாசற்படியில் ரேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்துக்கு நானே ஒட்டினேன்.

கார்ப்பெற்றின் மயிர் ஒரு பக்கமாகத்தான் சாய்ந்திருக்கும். இரண்டு துண்டைப் பொருத்தினால் இரண்டும் ஒரே பக்கம் சாய வேண்டும். வேலைக்கு வந்த முதல் நாள் எவருக்கும் நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. கவனிக்காமல் ஒட்டியதில் துண்டைத் திசை மாற்றி வைத்துவிட்டேன். பொருத்துக் கொஞ்சம் எழும்பி நின்றது. இளவரசியின் சப்பாத்துக் குதி அதில் கொழுவித் தடுக்கியது.

பின்னேரம் மனேஜர் ரொனி கூப்பிட்டார். போர்த்துக்கீசர், நல்ல மனிதர், ஆனால் கோபம் மூக்கு நுனியில். ஆங்கிலத்தில்தான் பேசினார், நான் எனக்கு வருகிற தமிழில் சொல்கிறேன்.

"வீடியோவில பாத்தனான். அவ தடுக்கினவ. கார்ப் பக்கத்து ரேப் எழும்பியிருக்கு. ரேப் றெஜினாவின்ர வேலைதானே?"

"ஓம், ரேப் அவவின்ர வேலைதான்," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஒரு சொல்லும் பொய் இல்லை. அடுத்த நாளே றெஜினாவைப் பிறம்ரனில் உள்ள களஞ்சியத்துக்குக் கதிரை கழுவ அனுப்பினார்கள். நிரந்தர வேலையைப் பற்றிப் பிறகு யோசிப்போம் என்று ரொனி சொன்னாராம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நான் பாவத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாடும் சாப்பிட்டேன்.

2. செவ்வாய், புதன், வியாழன்

எங்கள் தொழிலில் ஒரு விசயம் இருக்கிறது. விரித்து முடிந்ததும் கார்ப்பெற்றைத் தும்புத்தடியால், அகலமான துடைப்பத்தால், ஒரே திசையில் வாருவோம். வாரின பிறகு அதில் ஒருவரும் கால் வைக்கக்கூடாது. நான் கூட ஓரத்தால்தான் போவேன். அரச குடும்பம் நடக்கும்போது அவர்கள் இருவர் மட்டும்தான் நடுவில். கூட வருகிறவர்கள் எல்லோரும் இரண்டு பக்கமும் வெறும் தரையில் வருவார்கள். ஆகவே அவர்கள் போன பிறகு கார்ப்பெற்றில் நாலு பாதம் மட்டும் தெரியும், ஈரமணலில் தெரிவதைப் போல. சுருட்டும் வரை அது அப்படியே இருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் சுருட்டக் குனிந்தபோது கண்டேன். இளவரசியின் இடக்கால் ஆழமாகப் பதிந்திருந்தது. வலக்கால் பட்டும் படாமலும். திங்களன்று தடுக்கியது வலக்கால். குதி குத்தின புள்ளியும் இல்லை, தட்டைச் சப்பாத்துக்கு மாறியிருக்கிறார்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் காலடி காலடியாகப் பார்த்தேன். எடுத்து வைத்த எட்டு குறுகிவிட்டது. வியாழன் ஒஷாவாவில் பாதம் நாலு இடத்தில் நின்றிருந்தது, நாலு இடத்திலும் பாரம் முழுக்க இடது பக்கம். தொலைக்காட்சியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முகம் மலர்ந்து, கை அசைந்து, எல்லாம் கடிகாரப்படி நடந்தது. வாசலுக்கு வாசல் நொண்டிக்கொண்டு ஒரு பெண் சிரித்த முகத்துடன் தன் வேலையைச் செய்கிறார் என்பது அந்த நகரத்தில் எனக்கும் அந்தக் கார்ப்பெற்றுக்கும்தான் தெரியும்.

நான் செய்யக்கூடியதைச் செய்தேன். கார்ப்பெற்றின் கீழே இன்னொரு மெத்தை போட்டேன். பொருத்தே இல்லாமல் ஒவ்வொரு இடத்துக்கும் புது ரோல் வெட்டினேன். வாசற்படிக்குச் சரிவுப் பலகை வைத்தேன். அந்த இரண்டு நாளும் நான் விரித்த கார்ப்பெற்றுகளைப் போல் என் வாழ்க்கையில் விரித்ததில்லை என்று அடித்துச் சொல்வேன். செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் செய்யவில்லை. ரொனியின் நம்பர் என் போனில் முதலாவதாக இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வெட்கம்தான் காரணம். அடுத்து வந்த தையோடு எனக்கு ஓய்வு. இருபத்திரண்டு வருடத்தில் என் கார்ப்பெற்றில் ஒருத்தரும் தடுக்கினதில்லை என்று நான் சொல்லாத இடமில்லை, கலியாண வீட்டிலும் சொல்வேன், செத்தவீட்டிலும் சொல்வேன். அந்தப் பேச்சை விட எனக்கு மனம் வரவில்லை. நாலடித் துண்டை எறிய மனம் வராத அதே ஆள்தானே.

3. வெள்ளி

வெள்ளிக்கிழமை மத்தியானம் விருந்து மண்டபத்தில் அளந்துகொண்டிருந்தபோது றெஜினா போன் எடுத்தாள். பின்னால் தண்ணீர்க் குழாய்ச் சத்தம் கேட்டது.

"அண்ணை, நான் எதில பிழை விட்டனான் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. இனி விடாமப் பாக்கிறன்," என்றாள்.

அது சின்ன விசயம், மனதில் வைத்திருக்காதே, ரொனி ஆறிவிடுவார் என்று ஏதோ சொன்னேன். சரி அண்ணை என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு வாசலை அளந்தேன், பிழைத்தது. இன்னொரு தரம் அளந்தேன், அதுவும் பிழைத்தது. வாசலில் நின்ற மனிதர் என்னைப் பார்த்து ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டார்.

4. சனி

ஸ்காபுறோவில், டோர்செட் பார்க் பக்கத்தில் கடைத்தொகுதி ஒன்றின் பின்புறம் இருக்கிறது எங்கள் முதியோர் மண்டபம். கார் நிறுத்துமிடத்தில் இருந்து கதவு வரை நூறடிக்குக் கிட்ட. எங்கட ஆக்கள் கலியாணத்துக்கு இரண்டு மணித்தியாலம் பிந்துவார்கள். இளவரசி என்றதும் மூன்று மணித்தியாலம் முந்தி வந்துவிட்டார்கள். பட்டுச் சேலை, வேட்டி, கோட்டு, வாக்கர், சக்கர நாற்காலி, எல்லாம் ஒன்பது மணிக்கே ஆஜர்.

நான் வாரி முடித்து, வானுக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் அரச குடும்பத்தின் அதிகாரி அம்மா எல்லோரையும் இரண்டு பக்கமும் சரிபாதியாக நிற்கச் சொல்லியிருக்கிறார். மற்றப் பக்கம் போவதென்றால் கார்ப்பெற்றைக் கடக்க வேண்டும். இவ்வளவு நல்ல விரிப்பைச் செருப்போடு மிதிப்பதா? முதல் ஆள் கழற்றினார். அவரைப் பார்த்து அடுத்தவர். கடவாதவர்களும் கழற்றினார்கள், மற்றவர்கள் கழற்றியிருக்கத் தாங்கள் போட்டுக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை என்று. நான் வந்து பார்க்கிறேன், இளவரசியின் கார் நிற்க வேண்டிய இடத்தில், கார்ப்பெற்றின் தலைப்பில், அறுபது சோடிக்குக் குறையாமல் சப்பாத்தும் செருப்பும் குவிந்து கிடக்கின்றன, கோயில் வாசலில் கிடப்பதைப் போல.

கார் வர இருபது நிமிடம். பாதுகாப்புக்காரர் பதறிப் போனார்கள். அவர்களுக்கு அது செருப்புக் குவியல் இல்லை, சோதிக்கப்படாத பொருள். மோப்ப நாயைக் கொண்டுவந்தார்கள். அந்த நாய் அறுபது சோடியையும் ஒவ்வொன்றாக மணந்து பார்த்தது. பாவம், அதன் முகத்தை நான் மறக்க மாட்டேன்.

அதிகாரி அம்மா என்னிடம் ஓடி வந்தார். நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள், தயவுசெய்து போடச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. மிதிக்கத்தான் போட்டிருக்கிறது என்றேன். அதற்கும் அசையவில்லை. அப்போது ஒன்று செய்தேன். பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் செய்யாத வேலை. நான் வாரிச் சீராக்கிய கார்ப்பெற்றின் நட்டநடுவில், என் சேறு படிந்த பூட்ஸ் சப்பாத்தோடு ஏறிக் கதவு வரை நடந்து போய்த் திரும்பி வந்தேன். தடம் தடமாகப் பதிந்தது. சனம் சிரித்தது, செருப்புகள் காலுக்குத் திரும்பின. தும்புத்தடியை எடுத்து மூச்சு வாங்க வாங்க மீண்டும் வாரினேன். முடிக்கவும் கார் வரவும் சரியாக இருந்தது.

ஒருவர் மட்டும் போடவில்லை. செல்லத்துரை ஐயா, எண்பத்தாறு வயது, இங்கே மகனோடு இருக்கிறார். கம்பளி மேஸ் என்கிற காலுறையோடு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு, கார்ப்பெற் ஓரமாக நின்றார். இளவரசி ஒவ்வொருவராகக் கைகொடுத்துக்கொண்டு வந்து அவருடைய காலைக் கண்டு நின்றார். ஏன் சப்பாத்து இல்லை என்று கேட்டார். ஐயாவுக்கு ஆங்கிலம் வராது. அதிகாரி அம்மா என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். முழங்கால் மெத்தையோடும் சிவப்புத் தும்பு ஒட்டிய காற்சட்டையோடும் ஓரத்தால் போய் நின்றேன்.

"உது நல்ல சீலை எண்டு சொல்லு தம்பி," என்றார் ஐயா. "செருப்போட மிதிக்க மனம் கேக்கேல்லை."

சொன்னேன். இளவரசி சிரித்தார். "இவர் கெட்டிக்காரர், எனக்கும் கார்ப்பெற்றுக்கும் இந்தக் கிழமை அவ்வளவு ஒத்துப்போகவில்லை," என்றார். பிறகு என் முழங்கால் மெத்தையைப் பார்த்தார். இதையெல்லாம் போடுகிறவர் நீங்களா என்று கேட்டார். ஓம் என்றேன். எல்லா இடத்திலுமா? எல்லா இடத்திலும் என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு முன்னால் அந்த வலக்கால் நின்றது, பாரம் வைக்காமல். என் வாய் தன் பாட்டில் திறந்தது. திங்கட்கிழமை உங்கள் கால் தடுக்கியது என் பிழை, நான் ஒரு துண்டைப் பிழையாக ஒட்டினேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதற்கு என் சப்பாத்துத்தான் காரணம் என்று அன்றைக்கே எல்லோருக்கும் சொல்லிவிட்டேனே," என்றார். "நான் தடுக்கினால் யாரோ ஒருவருக்கு வேலை போகும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அது தெரியும். இந்த முறை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லைத்தானே?"

அதிகாரி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். என்னவாம் தம்பி, என்னவாம் என்று செல்லத்துரை ஐயா என் கையைச் சுரண்டினார்.

"ஒரு ஆளுக்கு ஆகிவிட்டது," என்றேன். "இன்றைக்கே சரிசெய்கிறேன்."

"இன்றைக்கே," என்று அவர் திரும்பச் சொல்லித் தலையசைத்துவிட்டு, அடுத்தவருக்குக் கைகொடுக்கப் போனார்.

5. சனி பின்னேரமும் ஞாயிறும்

கார்ப்பெற்றைச் சுருட்ட முன்னமே ரொனிக்குப் போன் எடுத்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சுட்டது. சப்பாத்துத்தான் காரணம் என்று அரச குடும்பத்து அதிகாரிகள் செவ்வாயே எழுதியிருந்தார்களாம். மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து அவர் அதை நம்பவில்லையாம். றெஜினாவுக்கு நான் சொல்லட்டா, நீ சொல்கிறாயா என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன்.

ஸ்காபுறோவில் இருந்து பிறம்ரனுக்கு நானூற்றொன்றாம் நம்பர் நெடுஞ்சாலை. சனிக்கிழமை நெரிசலில் ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. என்னென்ன சொல்வது என்று வழிநெடுகப் பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். களஞ்சியத்தின் பின்பக்கம், றப்பர்ச் சப்பாத்தும் கையுறையுமாக, வெள்ளைக் கதிரைகளுக்கு நடுவில் றெஜினா நின்றாள். ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துவிட்டது. அந்தத் துண்டை ஒட்டினது நான்தான் என்று மட்டும் சொன்னேன்.

அவள் குழாயைப் பூட்டினாள்.

"தெரியும் அண்ணை. நான் ஒட்டியிருந்தா மூலை மடிச்சிருக்கும். திங்கக்கிழமை உரிக்கேக்கயே பாத்தனான், மடிப்பு இல்லை."

"அப்ப நேற்று ஏன் போன் எடுத்துக் கேட்டனி?"

"நீங்கள் சொல்லுறதுக்கு ஒரு வழி விட்டுப் பாத்தனான்."

எனக்கு நின்ற நிலையில் கண் கலங்கிவிட்டது. மன்னிச்சுக்கொள் பிள்ளை என்றேன். அவள் உடனே மன்னிக்கவில்லை. தன் வீட்டில் அந்த ஐந்து நாளும் எப்படிப் போனது என்று ஒன்றும் விடாமல் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டு நின்றேன். கணவர் மருந்தைக் குறைத்துப் போடப் பார்த்ததையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, மிச்சக் கதிரையைக் கழுவ ஒரு கை தாருங்கோ என்றாள். கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்துக் கார்ப்பெற்றுக்கு றெஜினாதான் பொறுப்பு. ரொனி கேட்கும் முன்னமே நானே அப்படிச் சொல்லிவிட்டேன். அவள் விரித்தாள், நான் ரேப் ஒட்டினேன், மூலையை மடித்தும் விட்டேன். இளவரசியும் கணவரும் கையசைத்துவிட்டு ஏறிப் போனார்கள். குனிந்து பார்த்தேன். வலக்கால் இன்னும் சரியாகப் பதியவில்லை, ஆனால் வியாழனை விட நல்லது. மாத முடிவில் றெஜினாவின் வேலை நிரந்தரமானது. எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. நியாயம்தான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இரண்டு விசயம் உண்டு. ஒன்று, மயிர் சாயும் பக்கத்தைப் பார்த்து ஒட்டுங்கள். மற்றது, உண்மையை மட்டும் பேசினாலே ஒரு ஆளைக் கவிழ்க்கலாம். ரேப் அவளுடைய வேலைதான் என்று நான் சொன்னது முழு உண்மை. சப்பாத்துத்தான் என்று இளவரசி சொன்னது முழுப் பொய். முகமே தெரியாத ஒரு வேலையாளுக்காக அவர் அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டு ஒரு கிழமை முழுக்க நொண்டினார். நான் என்னை அண்ணை என்று கூப்பிட்டவளை விட்டுவிட்டு நின்றேன். அந்த வலக்கால் தடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடும்.

தை மாதம் எனக்குக் களஞ்சியத்தில் பிரியாவிடை வைத்தார்கள். கேக் வெட்ட முன், ரொனி பெரிய மனது பண்ணி, இந்த மனிதரின் கார்ப்பெற்றில் இருபத்திரண்டு வருடத்தில் ஒருத்தரும் தடுக்கினதில்லை என்று தொடங்கினார். பின்வரிசையில் றெஜினா கொடுப்புக்குள், வாய் திறக்காமல், சிரித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

நான் எழும்பி, "ஒரு ஆள் தடுக்கினவ," என்றேன். "நான் ஒட்டின துண்டில."